அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்குச் சிகிச்சை அளிப்பது சரிதானா?

கேள்வி கேட்டவர்: குடந்தையான்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவதையும், எடை குறைந்துகொண்டே வருவதையும் பார்த்து எண்டோஸ்கோபி செய்தோம். இரைப்பையில் புண் இருப்பது தெரிந்தது. அதிலிருந்து எடுத்த திசுவைப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. வேறு உறுப்புகளுக்குப் பரவியதற்கான அடையாளம் ஸ்கேனில் இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று என்று கீமோதெரபி கொடுக்க வேண்டும் என்றும், குணமாக வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இவையெல்லாம் எனக்கும் அம்மாவுக்கும் அக்காவின் கணவருக்கும் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. பரிசோதனை முடிவு வந்த அன்று அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களை மட்டும் மருத்துவர் உள்ளே அழைத்தார். "அவரிடம் அல்சர் என்றே சொல்லிவிடலாம் சார்" என்று மாமா கேட்டுக்கொண்டார், மருத்துவரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து கோப்பு என் பையில்தான் இருக்கிறது. ஆனால் பணிக்காலம் முழுவதும் டிக்கெட் கட்டையும் காசையும் இரவில் ஒப்பிட்டுப் பார்க்காமல் படுக்காத மனிதர் அவர். "அல்சருக்கு எதுக்குடா இத்தனை ஸ்கேன்?" என்று இதற்குள் பலமுறை கேட்டுவிட்டார். அம்மாவோ, "கேன்சர்னு காதுல விழுந்தா பாதி உயிர் அங்கேயே போயிடும், வாயைத் திறக்காதே" என்கிறார்.

இப்போது கீமோதெரபிக்கான ஒப்புதல் படிவத்தில் என்னைக் கையெழுத்திடச் சொல்கிறார்கள். அப்பா தெளிவான நினைவோடு, பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய உடலுக்கு நான் ஒப்புதல் தருவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம் என்று இக்காலத்தில் பேசுகிறார்களே, எங்களைப் போன்ற குடும்பத்தில் அது எப்படி நடக்க வேண்டும்? சட்டம் இதை ஏற்குமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: செட்டிநாட்டுக்காரன்

நண்பருக்கு வணக்கம். என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கும் இதே போன்ற நிலை வந்தது. நாங்கள் கடைசி வரை சொல்லவில்லை. பேத்தியின் திருமணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார், இராமேசுவரம் போய் வந்தார், வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டே இருந்தார். நோயின் பெயர் தெரிந்திருந்தால் அந்த மாதங்கள் அவருக்குக் கிடைத்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

நம் வீடுகளில் நோயாளி தனிமனிதர் அல்லர். செலவு செய்பவர் ஒருவர், இரவில் விழித்திருப்பவர் ஒருவர், பத்தியச் சாப்பாடு வடிப்பவர் ஒருவர். அப்படியிருக்கும்போது முடிவை மட்டும் நோயாளி ஒருவரே எடுக்க வேண்டும் என்பது, பதினெட்டு வயதில் பிள்ளைகள் தனி வீடு பார்த்துப் போகும் நாடுகளுக்குப் பொருந்தலாம். தங்கள் தாயார் சொல்வதில் ஓர் அனுபவம் இருக்கிறது. அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

பதில் 2: வைகைக்கரை மருத்துவர்

குடந்தையான் அவர்களுக்கு, நான் புற்றுநோயாளிகளுக்கு வலி நீக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் மாமா கேட்டுக்கொண்டதை வாரத்தில் பெரும்பாலான நாட்களில் கேட்கிறேன். அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

செட்டிநாட்டுக்காரன் ஐயா, குடும்பத்தின் பங்கைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் மறைப்பது நம் பண்பாடு, சொல்வது மேல்நாட்டுப் பழக்கம் என்ற பிரிவினை வரலாற்றில் நிற்காது. 1961இல் சிக்காகோவில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் டொனால்ட் ஓக்கன் என்பவர் நடத்திய ஆய்வில் சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினர். அவர்கள் சொன்ன காரணமும் உங்கள் வீட்டில் சொல்லும் காரணம்தான்: மனம் உடைந்துவிடுவார். 1979இல் அதே வினாக்களை வைத்து அமெரிக்காவில் மீண்டும் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்லிவிடுவதே தங்கள் வழக்கம் என்றனர். ஜப்பானில் பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு இருந்தது புற்றுநோய் என்பதே 1989 ஜனவரியில் அவர் காலமான பிறகுதான் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகவே எல்லா ஊரிலும் மறைத்தார்கள். சிகிச்சையால் பலன் கிடைக்கத் தொடங்கி, அந்தச் சிகிச்சையில் நோயாளியே பங்கெடுத்தாக வேண்டிய நிலை வந்தபோது அந்த வழக்கம் மாறியது.

குடந்தையான், உங்கள் தந்தையின் நிலையில் இந்தப் பங்கெடுப்புதான் எனக்கு முதற்கவலை. அறமும் சட்டமும் ஒருபுறம் இருக்கட்டும். கீமோதெரபி தொடங்கிய பிறகு இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அது நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அவசரநிலை. அல்சருக்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனிதர், பேரனின் பள்ளி நாளன்று மகனை அலைக்கழிக்க வேண்டாமே என்று ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிடுவார். இப்படிப் படுத்து, மறுநாள் இரத்த அழுத்தம் விழுந்த நிலையில் தூக்கி வரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: இரைப்பைப் புற்றுநோய்க்கு நீங்கள் சொல்லும் முறையில் பெரும்பாலும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேரும். அது ஏறிய பின் சில நாட்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டாலே விரல் நுனிகள் மின்சாரம் தாக்கியது போல் சுண்டும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். காரணம் தெரியாதவருக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று எண்ணிப் பாருங்கள். மறைப்பது பயத்தைத் தவிர்க்கவில்லை. அதைத் தனியாகப் படும்படி விடுகிறது.

இதனால் மருத்துவர் இன்றே அவரை அழைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அதுவும் நோயாளியை மையமாகக் கொண்ட முறை ஆகாது. டெக்சாசைச் சேர்ந்த வால்டர் பெய்ல், டொராண்டோவைச் சேர்ந்த ராபர்ட் பக்மன் ஆகியோர் உள்ளிட்ட குழு 2000இல் வகுத்த ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையை மருத்துவர்கள் பலர் இன்று கையாள்கிறோம். அதில் செய்தியைச் சொல்வது நான்காவது படிதான். முதலில் கதவடைத்த அறை, போதிய நேரம், அவர் விரும்பும் ஆள் பக்கத்தில். அடுத்து, "உங்கள் உடம்புக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது. மூன்றாவதாக, "பரிசோதனை முடிவுகளை நீங்களே விவரமாகக் கேட்க விரும்புகிறீர்களா, அல்லது மகனிடம் சொன்னால் போதுமா?" என்று கேட்பது. அவர் கேட்கிற அளவுக்குத்தான் நான்காவது படி. அதன் பின் அவருடைய அழுகைக்கோ கோபத்துக்கோ இடம் கொடுப்பது. கடைசியில் இனி என்ன செய்வது என்ற திட்டம்.

மூன்றாவது படியில் ஒருவர் "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்றால், அதையும் மதித்துத்தான் ஆக வேண்டும். ஐயாவின் தாயார் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி. உங்கள் தந்தையிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. "எதுக்குடா இத்தனை ஸ்கேன்?" என்று அவராகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்; அறிய விரும்பாதவர் கேட்கும் கேள்வியாக எனக்கு அது படவில்லை.

பதில் 3: பகல்நேர வார்டு செவிலியர்

அண்ணா, மருத்துவர் சொல்லாமல் விட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். கீமோதெரபி கொடுக்கும் பகல்நேர வார்டில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொருவரும் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் முதல் அரை மணி நேரத்திலேயே "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்டுவிடுவார். அவர் தலையில் முடி இருக்காது. எதிர்ச் சுவரில் புற்றுநோய் விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டியிருக்கும். உங்கள் அப்பா நடத்துநராக இருந்தவர் என்கிறீர்கள். ஒரு பேருந்து முழுவதையும் ஒரு பார்வையில் அளந்துவிடுகிறவருக்கு இந்த வார்டு எவ்வளவு நேரம் மறைந்திருக்கும்?

அதன்பின் நடப்பதையும் கேளுங்கள். வீட்டார் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, ஊசிக்குழாயைச் சரிசெய்ய வரும் எங்களிடம் மெதுவாகக் கேட்பார்கள்: "ஏம்மா, இது அதுதானே?" எங்களால் பொய் சொல்லவும் முடியாது; "சொல்லக் கூடாது" என்று வீட்டார் கட்டளையிட்டிருப்பதால் உண்மையையும் சொல்ல முடியாது. "டாக்டரைக் கேளுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிடுவோம். அந்தப் பதிலிலிருந்தே புரிந்துகொள்வார். பிறகு வீட்டார் வந்ததும் ஒன்றும் தெரியாதவர் போல் இருப்பார். அவர்கள் அவருக்காக நடிக்கிறார்கள், அவர் அவர்களுக்காக நடிக்கிறார். வாந்தி வந்தால்கூட அடக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அண்ணா. "அல்சருக்கு இவ்வளவு வாந்தி வருமா என்று பையன் கலங்குவான்" என்று காரணம் சொல்வார்கள். எங்களுக்கு மருந்தின் அளவைச் சரிசெய்யத் தேவையான தகவலே அப்போது கிடைக்காமல் போகிறது.

பதில் 4: வழக்குரைஞர், சென்னை

சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் வழங்கிய சமீரா கோலி தீர்ப்பு இந்தப் பொருளில் முதன்மையானது. நோயறியும் பொருட்டு மட்டும் லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி வயிற்றுக்குள் பார்ப்பது) செய்துகொள்ள ஒரு பெண் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மயக்க மருந்தில் இருந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்றார், கருப்பை அகற்றப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயது வந்து, முடிவெடுக்கும் திறனும் உள்ள ஒருவருக்குப் பதிலாகத் தாயார் தந்த ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றைப் போதிய அளவில் அறிந்து நோயாளியே தருவதுதான் ஒப்புதல். எனவே உங்கள் தந்தை நினைவோடும் தெளிவோடும் இருக்கும்போது நீங்கள் போடும் கையெழுத்து அவருடைய கையெழுத்துக்கு ஈடாகாது. உறவினர் கையெழுத்தும் கூடவே இருக்கட்டும் என்று மருத்துவமனைகள் கேட்பது பரவலான நடைமுறை, அதில் தவறில்லை. அவருடையதற்குப் பதிலாகக் கேட்பதுதான் சிக்கல். "அல்சர்" என்று நம்ப வைத்து அவரிடமே கையெழுத்து வாங்குவதும் சட்டத்தின் பார்வையில் ஒப்புதல் ஆகாது.

மருத்துவர் மறுக்காமல் இருந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவோ குறைத்துக் காட்டவோ கூடாது என்கின்றன. ஆனால் நோயாளியோ, உறவினரோ, பொறுப்புள்ள நண்பரோ நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு நிலையை அறிந்திருக்கச் செய்ய வேண்டும் என்றே எழுதப்பட்டிருப்பதால், வீட்டாரிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பிந்தைய போக்கு அப்படி இல்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து, மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2018இல் கருத்துக் கேட்புக்காக வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில் முதலாவதே தகவல் அறியும் உரிமைதான். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் தந்தை நாளை நேராகப் போய்க் கேட்டால் மருத்துவமனை தந்தாக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். உயில், ஓய்வூதியக் கணக்கின் நியமனதாரர் (நாமினி), தீவிரச் சிகிச்சைப் பிரிவில் எதுவரை போராட வேண்டும் என்ற முன்கூட்டிய மருத்துவ ஆணை ஆகியவற்றை அவர் ஒருவர்தான் செய்ய முடியும். முன்கூட்டிய ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியதால் இப்போது இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரின் சான்றும் போதும். தனக்கு என்ன என்று தெரியாதவர் இவற்றைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்.

குடந்தையான் (கேள்வி கேட்டவர்)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. செவிலியர் தங்கை எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரா கேட்டா சொல்லட்டும், நாமளா போய்ச் சொல்ல வேண்டாம்" என்றார். மாமாவுக்கு இன்னும் சம்மதமில்லை, "நாளைக்கு அவர் ட்ரீட்மெண்டே வேண்டாம்னு எழுந்து போயிட்டா யாரு பொறுப்பு?" என்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். படிவத்தில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. மருத்துவரிடம் இதை எப்படி எடுப்பது? அப்பா, "எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பதில் 5: செட்டிநாட்டுக்காரன்

தம்பி, தாயார் சொன்னது நல்ல வழி. மருத்துவர் ஐயா கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதென்றால், என் தாயாரிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "உங்களுக்குத் தெரியாததா" என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் என் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் காய்ச்சலைப் பற்றி எழுதியது எனக்குப் புதிய செய்தி. தாயாருக்குக் கீமோதெரபி கொடுக்கவில்லை. வயது மிகுந்துவிட்டதால் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டோம். உங்கள் தந்தை நீண்ட சிகிச்சைக்குப் போகிறவர், அவரே கவனித்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த வேறுபாட்டை நான் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை.

பதில் 6: வைகைக்கரை மருத்துவர்

குடந்தையான், மாமாவின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. சிலர் மறுக்கிறார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனால் என் பணியில் நான் அதிகம் பார்த்திருப்பது வேறு: அல்சர் என்று நம்பியவர், "அல்சருக்கு இவ்வளவு கஷ்டமா, போதும்" என்று இரண்டாம் சுற்றோடு நின்றுவிடுவது. எதற்காகத் தாங்கிக்கொள்கிறோம் என்று தெரிந்தவர்களே கூடுதலாகத் தாங்குகிறார்கள்.

மருத்துவரிடம் பேச, உங்களில் ஒருவர் சற்று முன்னதாகச் சென்று இவ்வளவு சொன்னால் போதும்: "அப்பா கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். நீங்களே அவரிடம் என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். நாங்கள் குறுக்கிட மாட்டோம்." நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அன்றே நேரம் கிடைக்காது என்றால் மாலையில் தனி நேரம் கேளுங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தாலும் கேட்கலாம். 2019இல் சேர்ந்தவர்கள் முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நோயாளியிடம் பேசும் முறையும் அறவியலும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. மூத்த மருத்துவருக்கு நேரமில்லாவிட்டால் இதைக் கற்று வந்த இளம் மருத்துவர் ஒருவர் அந்த வார்டில் இருக்கக்கூடும். அறையில் அப்பா மருத்துவருக்கு நேர் எதிரே உட்காரட்டும். அம்மா அவர் பக்கத்தில், நீங்களும் மாமாவும் சற்றுப் பின்னால். கேள்வி அவரிடம் வரும்போது நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் இதுதான் மிகவும் கடினமான பகுதி.

"நீயே பார்த்துக்கோ" என்று அவர் சொன்னால், தகவல் மகனிடம் தரப்பட வேண்டும் என்பது நோயாளியின் விருப்பம் என்று மருத்துவர் நோயாளிக் குறிப்பேட்டில் எழுதி, அப்பாவிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். அப்போது நீங்கள் போடும் கையெழுத்துக்குப் பின்னால் அவர் தந்த அதிகாரம் இருக்கும். அந்த நிலையிலும் காய்ச்சல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, குளிர்ந்த நீர் ஆகியவற்றைப் பற்றி அவரிடம் நேரடியாகச் சொல்லியே ஆக வேண்டும், நோயின் பெயரைச் சொல்லாமலும், பொய் சொல்லாமலும் அதைச் செய்யலாம்: "இது கடுமையான மருந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதனால் காய்ச்சல் வந்தால் எந்த நேரமும் எழுப்புங்கள்." ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், கணக்கு எழுதிப் பழகியவர், காலையும் மாலையும் குறித்து வைப்பார்.

பின்னர் ஒவ்வொரு சுற்றின்போதும் அவரிடம் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். முதல் வாரம் வேண்டாம் என்றவர்கள் மூன்றாம் சுற்றில் கேட்பதுண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன் எப்படியும் ஒரு முறை கேட்டாக வேண்டும், ஏனெனில் இரைப்பையில் எவ்வளவு எடுக்கப்படும், அதன்பின் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை அவரால்தான் ஏற்கவோ மறுக்கவோ முடியும். செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள். வீடு திரும்பிய பின் வலியோ சாப்பிட முடியாத நிலையோ இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர் உங்கள் வட்டாரத்திலும் இருப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயரைப் பதிந்து வையுங்கள்.